ஏர்பேக் லைட் அணையாத பழைய கார்: எந்த வழியில் சரிசெய்வது?

“மாப்ள, சர்வீஸ் சென்டர்ல 22,000 ஆகும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. தெருமுனை எலக்ட்ரீஷியன், 1,500 கொடுங்க, லைட்டை அணைச்சுத் தர்றேன்கிறார். எதைச் செய்ய?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் போன் செய்து கேட்டது இது. கார் 2013 மாடல் ஹேட்ச்பேக், 94,000 கிலோமீட்டர் ஓடியது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவர் முகத்துக்கு முன்னால் ஒரு உருண்டை. மீட்டர் போர்டில் இந்தப் படம் போட்ட சிவப்பு ஏர்பேக் லைட் மூன்று வாரமாக எரிந்துகொண்டே இருந்தது.

தொகைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறதே தவிர, இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரிய எஸ்டிமேட்டைப் பார்த்துப் பயந்துபோய், கிடைத்த மலிவான வழியில் இறங்கிவிடுகிறார்கள். அந்த மலிவான வழி சில நேரம் சரியானது, சில நேரம் உயிருக்கு ஆபத்தானது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

## அந்த லைட் என்ன சொல்கிறது

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் லைட் எரிய வேண்டும். பெரும்பாலான கார்களில் ஆறேழு விநாடியில் தானாக அணைந்துவிட வேண்டும். அந்தச் சில விநாடிகளில் ஏர்பேக் கம்ப்யூட்டர் தன்னோடு இணைந்த எல்லாச் சுற்றுகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடும். வண்டி ஓடும்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். லைட் அணையாவிட்டாலும் கோளாறு, சாவி போட்டதும் எரியவே இல்லை என்றாலும் கோளாறு.

ஒவ்வொரு ஏர்பேக்கையும் வெடிக்கவைப்பது ஒரு சின்னப் பற்றவைப்பு இழை. அதன் மின்தடை ஏறத்தாழ 2 ஓம் மட்டுமே. இவ்வளவு சின்ன அளவு என்பதால், வழியில் ஒரு கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்) கொஞ்சம் பச்சை அரிப்பு பிடித்திருந்தாலும் கணக்கு மாறிவிடும், கம்ப்யூட்டர் லைட்டைப் போட்டுவிடும். ஆக, 200 ரூபாய் கோளாறுக்கும் 40,000 ரூபாய் கோளாறுக்கும் எரிவது ஒரே லைட்தான். லைட்டை மட்டும் பார்த்துவிட்டு யார் எஸ்டிமேட் சொன்னாலும் அதை நம்ப வேண்டாம்.

லைட் எரியும்போது பல கார்களில் அந்தச் சுற்று மட்டுமோ, மொத்த ஏர்பேக் அமைப்புமோ வேலைநிறுத்தத்தில் இருக்கும். மோதினால் பை விரியாமல் போகலாம். சீட்பெல்ட்டை மோதும் நொடியில் இறுக்கிப் பிடிக்கும் ப்ரீடென்ஷனரும் அதே கம்ப்யூட்டரின் கையில்தான் இருக்கிறது. பெல்ட் பெல்ட்டாக வேலை செய்யும், ஆனால் அந்த இறுக்கம் கிடைக்காமல் போகலாம்.

இந்தியாவில் புதிய கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்குமான ஏர்பேக் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2021 முடிவில். அதற்கு முந்தைய பல மாடல்களில் ஏர்பேக் வேண்டுமென்றால் மேல் வேரியன்ட்டுக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருந்தது. அன்று காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு இன்று வேலை செய்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.

## எதை வைத்து முடிவெடுப்பது

வழிகளை எடை போடும் முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. என் வரிசை இது:

1. வேலை முடிந்த பின் மோதினால் ஏர்பேக் உண்மையிலேயே விரியுமா? இதற்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடியாத வழி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.
2. வேலை செய்பவருக்கு ஆபத்து உண்டா? ஸ்டீயரிங் நடுவில் இருப்பது வெடிபொருள் என்பதை மறந்துவிடக் கூடாது.
3. மொத்தச் செலவு எவ்வளவு? எஸ்டிமேட்டில் எழுதியதோடு, அதில் எழுதாததும் சேர்த்து.
4. கார் எத்தனை நாள் நிற்கும்?
5. இந்த காரை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறோம், அதில் யார் போகிறார்கள்? ஊருக்குள் மார்க்கெட் போய்வரும் காரும், மாதம் இரண்டு முறை திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரும் ஒன்றல்ல.

## எந்த வழியானாலும் முதல் வேலை: எரர் கோடு படிப்பது

இதைச் செய்யாமல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் தான் கண்ட கோளாறை ஒரு எரர் கோடாகப் பதிந்து வைத்திருக்கும். ஸ்கேனர் போட்டால் அது வெளியே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் 500, 700 ரூபாய்க்குக் கிடைக்கும், காரின் டயக்னாஸ்டிக் பிளக்கில் மாட்டும் ப்ளூடூத் ஓபிடி கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். அவை ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும் ‘பவர்ட்ரெய்ன்’ வகை. ஏர்பேக் கோடுகள் ‘பாடி’ வகையைச் சேர்ந்தவை. தமிழில் அதற்கும் ‘பி’ என்றே எழுதுகிறோம், ஆங்கில எழுத்து வேறு: பவர்ட்ரெய்னுக்கு P, பாடிக்கு B. அதனால் ‘கோடு எதுவும் இல்லை’ என்று அந்தக் கருவி சொன்னால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. ஏர்பேக் கம்ப்யூட்டரோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

கோடைப் படித்தவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கோளாறு இப்போதும் இருக்கிறதா, அல்லது எப்போதோ வந்துபோன பழைய பதிவா? எந்தச் சுற்று, மின்தடை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? உதாரணமாக ஹூண்டாய் கார்களில் பி1346 (B1346) என்றால் டிரைவர் ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகம் என்று பொருள். ஏர்பேக்கே போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிப் பணம் மிச்சம்.

நம் ஊர்ப் பழைய கார்களில் நான் அடிக்கடி பார்க்கும் காரணங்கள் இவை.

முதலில் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர். ஏர்பேக் வயர் எங்கே போனாலும் பெரும்பாலும் மஞ்சள் உறையில்தான் போகும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது அது இழுபடும். சீட் கவர் மாட்டும் கடையில் சீட்டைக் கழற்றி மாட்டியதில் சரியாக ‘க்ளிக்’ ஆகாமல் விட்டிருப்பார்கள். சீட்டுக்கு அடியில் உருண்டுபோன தண்ணீர் பாட்டில் கசிந்திருக்கும்.

அடுத்தது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் எத்தனை சுற்று சுற்றினாலும் ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் மின் இணைப்பு அறுபடாமல் இருக்க, உள்ளே ரிப்பன் மாதிரி ஒரு தட்டை வயர் சுருண்டு கிடக்கும். சுசுகிக்காரர்கள் இதைக் கான்டாக்ட் காயில் என்பார்கள், ஹோண்டாவில் கேபிள் ரீல், டொயோட்டாவில் ஸ்பைரல் கேபிள். பத்து வருடம் சுருண்டு விரிந்ததில் அந்த ரிப்பன் ஓரிடத்தில் வெடித்துவிடும். ஏர்பேக் லைட்டோடு ஹார்னும் விட்டுவிட்டு அடிக்கிறது, ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்கள் வேலை செய்யவில்லை என்றால் சந்தேகம் நேரே இங்கேதான் போக வேண்டும்.

பேட்டரி இறங்கிப்போனாலும் லைட் வரும். பலவீனமான பேட்டரியோடு பலமுறை ஸ்டார்ட் செய்தால் மின்னழுத்தம் குறைவு என்ற கோடு பதிந்துவிடும். புது பேட்டரி போட்ட பிறகும் சில கார்களில் அந்தக் கோடை ஸ்கேனரால் அழித்தால்தான் லைட் போகும்.

எலி கடித்த வயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, வெள்ளமும் பழைய விபத்தும். ஏர்பேக் கம்ப்யூட்டர் பல கார்களில் கியர் லீவருக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவே, தரையோடு ஒட்டித்தான் இருக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் கதவு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற கார்களில் முதலில் நனைந்த பாகங்களில் அதுவும் ஒன்று. செகண்ட்ஹேண்டில் வாங்கிய கார் என்றால் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: இப்போதைக்கு அப்படியே ஓட்டுவது

கைக்காசு செலவு இல்லை. அடுத்த சம்பளம் வரை, பார்ட் வரும் வரை, இரண்டு மூன்று வாரம் என்றால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த நாட்களில் எல்லோரும் பெல்ட் போட வேண்டும், நெடுஞ்சாலைப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும், முடிந்தால் வீட்டில் இன்னொரு வண்டியை எடுக்க வேண்டும்.

மறைந்திருக்கும் விலை என்னவென்றால், லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதால் புதிதாக இன்னொரு கோளாறு வந்தாலும் நமக்குத் தெரியாது. கப்ளரில் பச்சை பிடித்தது மாதங்கள் போகப் போக பின்னையே அரித்துவிடும். சுத்தம் செய்தால் முடிந்திருக்கும் வேலை, வயர் மாற்றும் வேலையாகிவிடும். ‘ரெண்டு வருஷமா எரியுது, ஒண்ணும் ஆகலையே’ என்பவர்கள் உண்டு. அந்த இரண்டு வருடத்தில் அவர்கள் எங்கும் மோதவில்லை, அவ்வளவுதான்.

## வழி 2: நாமே கப்ளரைப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி, அதே சமயம் எல்லையை மிகக் கறாராகப் போட வேண்டிய வழி. என் எல்லை இது: சீட்டுக்கு அடியில் கைக்கு எட்டும் கப்ளர், ஃப்யூஸ், பேட்டரி முனைகள். இதைத் தாண்டி ஸ்டீயரிங்கில், டேஷ்போர்டில், சீட்டின் உள்ளே கை வைக்கக் கூடாது.

என் காரில் போன வருடம் இப்படித்தான் ஆனது. கோடு, டிரைவர் பக்கச் சீட்பெல்ட் ப்ரீடென்ஷனர் சுற்றைக் காட்டியது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் உண்டு. பேட்டரியைக் கழற்றினாலும் அதில் கொஞ்ச நேரம் சக்தி இருக்கும். டொயோட்டா கையேடுகள் 90 விநாடி காத்திருக்கச் சொல்கின்றன, ஹோண்டா 3 நிமிடம். நான் பத்து நிமிடம் காத்திருந்தேன், அவசரம் ஒன்றுமில்லை.

சீட்டைப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சள் கப்ளர் தெரிந்தது. பக்கத்திலேயே கார்பெட்டில் ஒரு பழைய கறை. பூட்டை அழுத்திப் பிரித்தபோது இரண்டு பின்னில் ஒன்று பளபளவென்று இருந்தது, இன்னொன்றின் வேரில் பாசி மாதிரி மெல்லிய பச்சை. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, ஊதிக் காயவிட்டு, இன்னொரு முறை அடித்தேன். மணல்தாளோ பிளேடோ போட்டுச் சுரண்டவில்லை. சுரண்டினால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் அரிக்கும். நன்றாகக் காய்ந்ததும் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டி, வயர் இழுபடாமல் ஒரு டேக் போட்டுக் கட்டினேன். பேட்டரியை மாட்டி, வெளி மெக்கானிக்கிடம் கோடை அழித்துக்கொண்டேன். ஸ்ப்ரே பாட்டில், அவருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது.

இதில் செய்யக் கூடாதவை மூன்று. கப்ளர் கழன்றிருக்கும்போது சாவியை ஆன் செய்யாதீர்கள், புதுக் கோடு ஒன்று பதிந்து, இல்லாத கோளாறைத் தேட வைக்கும். ஏர்பேக்கின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்ன மின்னோட்டமும் பற்றவைப்பு இழைக்குள் போகிறது, அதனால்தான் எல்லா நிறுவனங்களின் கையேடும் அதைத் தடுக்கிறது. ஏர்பேக் வயரை வெட்டி முறுக்கி டேப் ஒட்டாதீர்கள். 2 ஓம் கணக்கில் அந்த முறுக்கல் நிற்காது.

எப்போது இது நல்ல வழி? கோடு சீட்டுக்கு அடியில் இருக்கும் சுற்றைக் காட்டும்போது, அல்லது மின்னழுத்தக் குறைவைக் காட்டும்போது. மற்ற கோடுகளுக்கு இது வழியே அல்ல.

## வழி 3: ஸ்கேனர் வைத்திருக்கும் வெளி மெக்கானிக்

பத்து வயதைத் தாண்டிய காருக்குப் பெரும்பாலும் நான் சொல்வது இது. எல்லா வெளி மெக்கானிக்கையும் சொல்லவில்லை. மல்டி பிராண்ட் ஸ்கேனரில் ஏர்பேக் பகுதிக்குள் போய், கோடைத் திரையில் நமக்குக் காட்டக்கூடியவர், உங்கள் மாடலில் கிளாக் ஸ்பிரிங் ஏற்கெனவே மாற்றியவர், அப்படி ஒருவரைத் தேட வேண்டும். ஸ்கேன் மட்டும் செய்ய 300 முதல் 800 வரை வாங்குகிறார்கள். கிளாக் ஸ்பிரிங் மாற்ற, சின்ன கார்களில் பார்ட்டும் லேபரும் சேர்த்து 4,000 முதல் 9,000 வரை பில் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு கிளாக் ஸ்பிரிங்கின் தரத்தில் இருக்கிறது. பெயர் தெரியாத பெட்டியில் வருவது பாதி விலைதான். ஆனால் சில மாதத்தில் மறுபடி லைட் வரும், மறுபடி லேபர். கம்பெனி ஒரிஜினல் பார்ட்டை நாமே எம்ஆர்பி பார்த்து வாங்கிக் கொடுப்பது நல்லது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற உதிரிபாகத் தெருக்களில் பார்ட் நம்பர் சொன்னால் தேடித் தருவார்கள்.

இன்னொன்று பொருத்தும் முறை. முன்சக்கரங்களை நேராக வைத்துவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டும். புது கிளாக் ஸ்பிரிங் நடுநிலையில் பூட்டப்பட்டு வரும். பொருத்துவதற்கு முன்பே பூட்டை எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தால் நடுநிலை போய்விடும், முதல் யூ டர்னிலேயே ரிப்பன் அறுந்துவிடும். வேலை செய்பவர் இந்த இரண்டையும் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

‘அழிச்சுட்டேன் சார், லைட் போயிடுச்சு’ என்று கோடை மட்டும் அழித்துக் கொடுப்பவரிடம் மறுபடி போக வேண்டாம். கோளாறு இருந்தால் லைட் திரும்ப வந்தே தீரும்.

## வழி 4: கம்பெனி சர்வீஸ் சென்டர்

அவர்களிடம் அந்த நிறுவனத்துக்கே உரிய ஸ்கேனர் இருக்கும், வயரிங் படம் இருக்கும், ஒரிஜினல் பார்ட் வரும், பில்லில் எழுதி வாரன்டி கிடைக்கும். ஏர்பேக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும், புதிய கம்ப்யூட்டருக்கு அந்த காரின் விவரங்களை ஏற்ற வேண்டும் என்றால் பெரும்பாலும் இதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. டேஷ்போர்டைப் பிரித்துப் பக்கத்துச் சீட் ஏர்பேக்கில் கை வைக்கும் வேலையும் இங்கேதான் நடக்க வேண்டும்.

செலவு எங்கே கூடுகிறது என்றால், அங்கே சரிசெய்வதைவிட மாற்றுவதுதான் வழக்கம். ஒரு பின் கெட்டிருந்தால் முழு வயர் செட், ஒரு சென்சாருக்காக முழு அசெம்ப்ளி. பழைய மாடலுக்குப் பார்ட் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிய நாட்களும் உண்டு. அதனால் ஜாப் கார்டில் முதலில் ‘டயக்னாஸிஸ் மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். கோடின் பிரிண்ட் கேளுங்கள். எஸ்டிமேட்டில் இருக்கும் ஒவ்வொரு பார்ட்டுக்கும், எந்தக் கோடு இதை மாற்றச் சொல்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத பார்ட்டை நீக்கச் சொல்லலாம்.

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான மோட்டார் பாலிசி தேய்மானத்தையும் மின் கோளாறையும் ஏற்காது. விபத்தில் போன ஏர்பேக் என்றால் அது வேறு கணக்கு.

## வழி 5: பழைய பாகம், கம்ப்யூட்டர் ரீசெட்

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கதவு, பம்பர், ஹெட்லைட் வாங்கி எத்தனையோ கார்கள் நன்றாக ஓடுகின்றன. ஏர்பேக் பாகங்களுக்கு அதே நம்பிக்கையை நான் வைப்பதில்லை. உடைத்த காரிலிருந்து வந்த ஏர்பேக் தண்ணீரில் நின்றதா, எத்தனை வருட வெயிலைத் தின்றது என்று விற்பவருக்கே தெரியாது. சோதித்துப் பார்க்க ஒரே வழி வெடிக்கவைப்பதுதான். தரமற்ற மாற்று இன்ஃப்ளேட்டர்கள் (பையை ஊதவைக்கும் பாகம்) வெடித்துச் சிதறி ஓட்டுநர்கள் இறந்ததைப் பற்றி அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2024-ல் எச்சரிக்கையே விடுத்தது. வெடிக்கும் பாகமும் கிளாக் ஸ்பிரிங்கும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் மாறுவதில்லை.

கம்ப்யூட்டர் விஷயம் கொஞ்சம் வேறு. ஏர்பேக் விரிந்த விபத்துக்குப் பிறகு மோதல் விவரம் உள்ளே பதிந்துவிடும். பல கார்களில் அது சாதாரண ஸ்கேனரில் அழியாது. அந்தப் பதிவை மெமரியிலிருந்து நீக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள், புதுக் கம்ப்யூட்டர் விலையில் சிறு பங்குதான் ஆகும். கார் நிறுவனங்கள் மாற்றவே சொல்கின்றன, நானும் முதலில் அதையே சொல்வேன். புதுப் பார்ட்டே கிடைக்காத மாடல், நனையாத கம்ப்யூட்டர், செய்பவர் அதே மாடலில் பலமுறை செய்தவர் என்றால் மட்டும் யோசிக்கலாம். நனைந்த கம்ப்யூட்டரை ரீசெட் செய்வதில் அர்த்தமே இல்லை.

## வழி 6: லைட்டை மட்டும் அணைப்பது

அத்தானிடம் 1,500 ரூபாய்க்குச் சொன்னது இதுதான். பல்பைக் கழற்றுவார்கள், அல்லது லைட்டின் வயரை இன்னொரு லைட்டோடு சேர்த்துவிடுவார்கள், அல்லது ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் அதே மின்தடை கொண்ட ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவார்கள். மீட்டர் போர்டு சுத்தமாக இருக்கும். மோதினால் பை விரியாமல் போகலாம். காரை ஓட்டும் அக்காவுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பிறகு அந்த காரை வாங்குபவருக்கும் தெரியாது. இது எந்தச் சூழ்நிலையிலும் சரியான வழி அல்ல.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து ஏர்பேக் லைட்டை மட்டும் பாருங்கள். எரியவே இல்லையா, சந்தேகம். ஆறேழு விநாடியில் தானாக அணையாமல், இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் அதே நொடியில் ஆயில் லைட்டோடு சேர்ந்து அணைகிறதா, இன்னும் பெரிய சந்தேகம். ரெசிஸ்டர் வைத்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, ஸ்டீயரிங் நடு மூடியில் வெட்டி ஒட்டிய தடம், நிறம் மாறிய டேஷ்போர்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஏர்பேக் திரும்ப வேலை செய்யுமா | கையிலிருந்து போவது | எழுதாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| அப்படியே ஓட்டுவது | இல்லை | எதுவுமில்லை | சின்ன அரிப்பு பெரிதாகும் | பார்ட்டுக்குக் காத்திருக்கும் சில வாரங்கள் |
| நாமே கப்ளர் பார்ப்பது | கோடு பொருந்தினால் ஆம் | ஆயிரத்துக்குள் | தவறினால் புதுக் கோடுகள் | சீட்டடி கப்ளர், பேட்டரி கோடுகள் |
| வெளி மெக்கானிக் | ஆம், பார்ட் ஒரிஜினலானால் | 300 முதல் 9,000 | மட்டமான கிளாக் ஸ்பிரிங் | பத்து வயது தாண்டிய பெரும்பாலான கார்கள் |
| சர்வீஸ் சென்டர் | ஆம் | பார்ட்டைப் பொறுத்துப் பல ஆயிரம் | தேவையில்லாத அசெம்ப்ளி, காத்திருப்பு | கம்ப்யூட்டர், டேஷ்போர்டு வேலை |
| பழைய பாகம், ரீசெட் | உறுதி இல்லை | புதியதைவிடக் குறைவு | பாகத்தின் கடந்தகாலம் தெரியாது | பார்ட் கிடைக்காத மாடலின் கம்ப்யூட்டர் மட்டும் |
| லைட்டை அணைப்பது | இல்லவே இல்லை | 1,000, 1,500 | உயிர் | யாருக்கும் இல்லை |

## லைட் சொல்லாத ஒன்று

லைட் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தாலும் சில பழைய கார்களில் ஆபத்து இருக்கலாம். தகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விரியும்போது உலோகச் சில்லுகளை வீசியது. அதில் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, தகாட்டா 2017-ல் திவாலானது. கம்ப்யூட்டர் வயரின் மின்தடையை மட்டும் பார்க்கிறது, உள்ளே இருக்கும் ரசாயனத்தைப் பார்ப்பதில்லை. எனவே லைட் வராது.

இந்தியாவிலும் ஹோண்டா சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு, டொயோட்டா கரோலா ஆல்டிஸ் போன்றவற்றின் பழைய மாடல்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. நம் கடற்கரை ஊர்களின் வெயிலும் புழுக்கமும் இந்தக் கோளாறுக்கு மிகவும் ஏற்ற சூழல். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரைச் சொல்லி, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். ஏர்பேக் லைட்டுக்காக எப்படியும் ஸ்கேன் செய்யப் போகிறீர்கள், அதே வாரத்தில் இதையும் கேட்டுவிடுங்கள்.

## அத்தான் காருக்கு என்ன செய்தோம்

சர்வீஸ் சென்டர் கொடுத்த 22,000 எஸ்டிமேட்டில் டிரைவர் ஏர்பேக், கிளாக் ஸ்பிரிங், லேபர் மூன்றும் இருந்தன. கோடு எதுவென்று கேட்டதற்கு எழுதித் தரவில்லை. நான் போனபோது ஒன்று கவனித்தேன். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஹார்ன் அடிக்கவில்லை, முழுக்க இடதுபக்கம் திருப்பினால் அடித்தது. அத்தான் அதை ஹார்ன் பட்டன் கோளாறு என்று நினைத்து விட்டிருந்தார்.

தெரிந்த மெக்கானிக்கிடம் போனோம். கோடு, டிரைவர் ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகம் என்றது. பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, ஸ்டீயரிங்கைப் பிரித்துப் பழைய கிளாக் ஸ்பிரிங்கின் ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரிடத்தில் செம்புத் தடம் மயிரிழை அளவுக்கு அறுந்திருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஏர்பேக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரிஜினல் பார்ட்டும் லேபரும் சேர்த்து 6,200 ஆனது, ஒன்றரை மணி நேர வேலை.

அத்தான் கேட்டார் என்பதற்காக இதையும் சொல்கிறேன்: 2028-ல் அந்த காருக்குப் பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அப்போது விற்கப் போகும் காருக்கு இவ்வளவு செலவு தேவையா என்பது அவர் கவலை. தினமும் காலையில் பள்ளிக்கு அந்த காரை ஓட்டிப் போவது அக்கா, பக்கத்துச் சீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் மகள். அதைச் சொன்னதும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பழைய கிளாக் ஸ்பிரிங், பார்ட் பெட்டி, கோடு காட்டிய திரையின் போட்டோ, பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு க்ளவ் பாக்ஸில் வைத்திருக்கிறோம், விற்கும்போது வாங்குபவரிடம் கொடுக்க.